பன்னிரண்டுக்கு ஒன்று

நேயர்களுக்கு வணக்கம்.

உதகையில் குக்கர் வழக்கமான விசில்களை அடித்து முடித்தும் கடலைப்பருப்பு நறுக்கென்று நிற்கிறதா? கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. குக்கரின் வெயிட்டும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் பங்கைச் சேர்க்கிறது. அதனால் கடலோர ஊரில் 121 டிகிரி தொடுகிற குக்கர் இங்கே 117 அளவில் நின்றுவிடும். விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைக் கால்பங்கு கூட்டுங்கள், வெந்துவிடும்.

‘இந்த ஊரில் எதுவும் வேகாது’ என்று அலுத்துக்கொள்கிற வரை ஒரு வழியும் தெரியாது. எத்தனை டிகிரி குறைகிறது என்று கேட்டதும் வழி தெரிகிறது. நம் நீலகிரி மலை ரயிலை வடிவமைத்தவர்களும் இப்படி ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்கினார்கள்.

மலையடிவாரத்தில் கல்லாறு தாண்டியதும் வரும் ஏற்றத்தில், கடினமான இடங்களில் 12.28 அடி போனால் ஓர் அடி உயர வேண்டும். இன்ஜினும் பெட்டிகளுமாக 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை ஏறக்குறைய 8 டன். இன்ஜின் மட்டும் 50 டன் என்றால், மழையில் நனைந்து இலை ஒட்டிய தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிப்பு அந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 5 டன்னுக்கு, இறங்கிவிடலாம். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இன்ஜினைக் கனமாக்கலாமே என்றால், கூடிய கனத்தையும் அதே இன்ஜின்தான் மேலே ஏற்ற வேண்டும்.

அப்போது பயன்பட்டது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை. இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறுகிற பல் பாதை அதற்கு முன்னும் உண்டு. ஏணிப்படி போலக் கம்பிகள் கோத்தது. கனம் அதிகம், வளைவுகளில் வளைப்பது பெரும்பாடு. ஆப்ட் பல் வெட்டிய தட்டையான சட்டங்களை எடுத்துக்கொண்டார். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு சட்டங்கள். ஒன்றின் பல் நிற்கும் இடத்தில் மற்றதன் பள்ளம். ஒரு பல் விடுபடும்போது பக்கத்துச் சட்டத்தில் இன்னொன்று பிடித்திருக்கும். பாரம் ஒரே பல்லில் விழுவதில்லை, குலுக்கலும் குறைவு.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்ஜினுக்குள் இருக்கும் ஏற்பாடு. ஒரு சிலிண்டரில் வேலை செய்து வெளிவரும் நீராவியை இரண்டாவது சிலிண்டருக்கு அனுப்பினால் எரிபொருள் மிச்சம். ஆனால் அழுத்தம் குறைந்த நீராவி விரியும். அதனால் இரண்டாவது சிலிண்டர் பெரிதாக இருப்பதுதான் வழக்கம். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டரே உள்ள மீட்டர் கேஜ் பாதையில் அதற்கு இடம் ஏது? சாதாரணச் சக்கரங்களை ஓட்ட இரண்டு, அவற்றிலிருந்து வரும் நீராவியில் பல்சக்கரத்தை ஓட்ட இரண்டு என நாலு சிலிண்டரையும் ஒரே அளவில் செய்து, பல்சக்கரத்தை ஓட்டும் இரண்டையும் கியர் வைத்து வேகமாக ஓடவிட்டார்கள். வேகமாக ஓடினால் அதே நேரத்தில் அதிக நீராவியை விழுங்கும். சிலிண்டரைப் பெரிதாக்கியதற்குச் சமம். கியரால் பல்சக்கரத்துக்கு வலுவும் கூடுகிறது. குன்னூருக்கு மேல் சரிவு குறைவு, பல் பாதை கிடையாது. அங்கே இந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் வேலையில்லை.

சிக்கல் வருவது பல் பாதை தொடங்கும் இடத்தில். சுற்றி வருகிற பல் சரியாகப் பள்ளத்தில்தான் இறங்கும் என்று என்ன நிச்சயம்? பல்லோடு பல் மோதினால் ஒன்று உடையும், இல்லையென்றால் இன்ஜின் மேலே எழும்பும். அதற்காக நுழைவாயிலில் சட்டத்தை ஸ்பிரிங்கின் மேல் உட்கார வைப்பார்கள். மோதினால் சட்டம் அமுங்கிக் கொடுக்கும்; சக்கரம் கொஞ்சம் நகர்ந்ததும் பல் பள்ளத்தில் விழும். இன்ஜின் அங்கே ஊர்ந்துதான் நுழைய வேண்டும். வேகமாக வந்தால் ஸ்பிரிங்குக்கு அமுங்க நேரம் இருக்காது.

ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். இணைப்புக் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி ஓடிவிடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். அதை மட்டும் நம்பாமல் பெட்டிக்கு ஒரு பிரேக்காரரும் உண்டு.

குன்னூர் வரை பாதை திறந்தது 1899-இல். பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது இன்ஜின்கள் கட்டினார்கள். சிலவற்றில் நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிறது. நாலு சிலிண்டரும் நடுவே பல்சக்கரமும் பழையபடியே இருக்கின்றன.