மரவேலிக்குப் பூச்சு: எப்போது, எப்படி, எங்கே சிக்கனம்?

[காட்சி: பழைய வேலித் தூணின் அடிப்பகுதி. ஸ்க்ரூடிரைவர் நுனி மரத்தில் அழுந்துகிறது.]

வணக்கம். பூச்சு வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒவ்வொரு தூணிலும் மண்ணை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்துங்கள். மரம் கெட்டியாகத் தாங்கினால் சரி. நுனி மெத்தென்று உள்ளே இறங்கினால் அந்த இடம் இற்றுவிட்டது. அதன் மேல் எதைப் பூசினாலும் காசு வீண். தூணை மாற்றுவதுதான் வழி.

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. அதனால் மரத்தை நன்றாகக் காயவிட்டு, பிறகு ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. ஈர மரத்தின் மேல் பூசினால் பூச்சும் பிடிக்காது, ஈரமும் உள்ளேயே தங்கிவிடும்.

[காட்சி: பலகையில் நாலைந்து நீர்த்துளிகள்.]

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? பலகையில் சில துளி தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் பூசலாம். துளி முத்து முத்தாக அப்படியே நின்றால், ஒன்று மரம் இன்னும் ஈரமாக இருக்கிறது, இல்லை பழைய பூச்சு இன்னும் வேலை செய்கிறது. இரண்டிலும் இப்போது பூச வேண்டியதில்லை. இற்றுப்போகாமல் இருக்க மருந்தேற்றிய புதுப் பலகை இந்த நிலைக்கு வரச் சில வாரங்கள், சிலசமயம் மாதங்கள்கூட ஆகும். பொறுத்திருங்கள்.

மழை ஓய்ந்து மரம் உலர்ந்த பருவம்தான் இதற்கு ஏற்றது. வெப்பம் 10 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். பூசிய பின் ஓரிரு நாள் மழை வரக்கூடாது. சுள்ளென்ற வெயிலில் பூசினால் உள்ளே இறங்குவதற்கு முன்பே மேலே காய்ந்துவிடும். நிழல் விழும் பக்கமாகப் பார்த்து நகர்ந்துகொண்டே பூசுங்கள்.

சுத்தம் செய்ய ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், முரட்டு பிரஷ் போதும். வெயிலில் சாம்பல் பூத்த மேல்தோல் பூச்சைப் பிடித்து வைக்காது, அது போகும்வரை தேயுங்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுக்க வேண்டாம். அழுத்தம் கூடினால் மர நாரையே பிய்த்துவிடும். கழுவியபின் இரண்டு மூன்று நாள் வெயில் காயட்டும்.

அப்புறம், எதை வாங்குவது? என் ஓட்டு, நிறம் கலந்த ஸ்டெயினுக்குத்தான், அதாவது மரத்துக்குள் ஊறும் பூச்சுக்கு. அதிலுள்ள நிறமி புற ஊதாக் கதிரைத் தடுக்கும்; நிறமில்லாத பூச்சில் அந்தத் தடுப்பு குறைவு என்பதால் சீக்கிரமே மறுபடி பூச வேண்டியிருக்கும். பெயின்ட் மேலே படலமாக நிற்கும். எங்காவது விரிசல் விட்டால் தண்ணீர் அடியில் புகுந்து உரியத் தொடங்கும், அடுத்த முறை முழுவதையும் சுரண்ட வேண்டும். ஸ்டெயின் உள்ளே ஊறுவதால் அந்தத் தொல்லை குறைவு.

[காட்சி: தூணின் மேல்முனை, மிக அருகில். பிரஷ் பட்டதும் ஈரம் மறைகிறது.]

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இது மரத்தை அறுத்த முனை. மரத்தின் நுண்குழல்கள் எல்லாம் இங்கே வாய் திறந்திருக்கின்றன, ஒரு கட்டு உறிஞ்சுகுழல்களை நிறுத்தி வைத்த மாதிரி. பலகையின் முகத்தைவிட இந்த முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை இழுக்கும். தடவிய ஸ்டெயின் கண்முன்னே மறைகிறதா? மறுபடி தடவுங்கள். அதற்குமேல் உறிஞ்சாது என்னும்வரை விடாதீர்கள். தூணின் தலை, பலகைகளின் மேல்முனை, கீழ்முனை எல்லாவற்றுக்கும் இப்படித்தான். வாங்கிய டப்பா முழு வேலிக்கும் போதாது என்று தோன்றினால், முதலில் முனைகளையும் தூண் அடியையும் முடித்துவிட்டு மீதியைப் பலகை முகத்துக்குப் போடுங்கள். முகத்தில் மெல்லியதாக இரண்டு கோட் போதும். ஸ்ப்ரேயரைவிட பிரஷ் மேல். காற்றில் வீணாகாது, இடுக்கிலும் இறங்கும்.

பலகையின் அடியில் குவிந்த மண்ணையும் சருகையும் ஒதுக்கி நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஒரு பைசா செலவில்லை, பலன் பெரிது.

மலிவு என்று பழைய என்ஜின் ஆயிலைப் பூசாதீர்கள். அதிலுள்ள நச்சு மண்ணில் இறங்கும், செடிக்கும் கெடுதல், தொடுகிற குழந்தைகளுக்கும் கெடுதல். லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பயன்படுத்துபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் மூழ்க வைத்து மூடுங்கள்.

மீந்த ஸ்டெயினைச் சிறிய கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை ஊற்றி இறுக மூடி வையுங்கள். பிற்பாடு ஒரு பலகையை அறுத்து மாற்றினால், அந்தப் புது முனைக்கு அது போதும்.