உயிர்வளி தீர்ந்த நீரில் தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கே போகிறது?

வணக்கம். பின்னால் ஓடும் காட்சி, சென்ற ஞாயிற்றுக்கிழமை தெலுக் பாஹாங்கிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து போய் பந்தாய் கெராச்சுட் ஏரியில் நான் எடுத்தது. பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் இந்த ஏரியில் ஆண்டு முழுவதும் நீர் நிற்பதில்லை. நிற்கும் மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் நன்னீர் மேலடுக்காகவும், கடலிலிருந்து புகும் உப்புநீர் கீழடுக்காகவும் தங்கிவிடுகின்றன. உப்புநீர் கனமானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இப்படி அடுக்கடுக்காக நிற்கும் ஏரிகளில் காற்றின் உயிர்வளி மேலோடு நின்றுவிடும். கீழே விழும் இலைதழைகளை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள், இருக்கும் கொஞ்ச உயிர்வளியையும் தீர்த்துவிடும். அத்தகைய நீரைச் செத்த தண்ணீர் என்று சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்தச் சொல் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மேசையில் இருக்கும் இந்த இரண்டு போத்தல்களையும் பாருங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. இது எங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாயில் அள்ளிய சேறு. இரண்டிலும் ஒரே அளவு சேறும் நீரும், பூச்செடிக்குப் போடும் பொட்டாசியம் நைட்ரேட் உரத்தில் ஒரு சிட்டிகையும் சேர்த்தேன். ஒன்றில் மீன்தொட்டிக் காற்றுக்குழாயை விட்டேன். மற்றொன்றை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினேன். 12 நாள்களுக்குப் பிறகு, அலங்கார மீன் கடையில் வாங்கிய சோதனைச் சொட்டுகளை இட்டபோது, காற்று ஓடிய போத்தலின் நீர் நைட்ரேட்டுக்குரிய செஞ்சிவப்பைக் காட்டியது. மூடிய போத்தலிலோ சோதனைநீர் வெறும் மஞ்சளாகவே நின்றது. போட்ட நைட்ரேட் காணாமற்போயிருந்தது.

மூச்சுவிட உயிர்வளி கிடைக்காத பாக்டீரியாக்கள், நைட்ரேட்டில் கட்டுண்டிருக்கும் உயிர்வளி அணுக்களைப் பயன்படுத்திக்கொள்கின்றன. நைட்ரேட் நைட்ரைட்டாகி, பிறகு நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஸ் ஆக்சைடும் ஆகி, கடைசியில் நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடாக இருக்கும் அதே நைட்ரஜன் வளியாக வெளியேறுகிறது. சேற்றிலிருந்து குமிழிகள் எழுவதைப் பார்க்கிறீர்கள். அவற்றில் அதுவும் கலந்திருக்கும். இந்த வேலை பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு தப்பிப் போகும். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலிய பசுமைக்குடில் வாயு என்பதால், அந்தக் கடைசிப் படி முக்கியமானது.

மூடிய போத்தலில் இன்னொன்றும் நடந்தது: அமோனியாச் சோதனை கரும்பச்சையாக மாறியது. அழுகலிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு உயிர்வளி வேண்டும் என்பது, 1890களை ஒட்டி ருஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அவற்றைப் பிரித்தெடுத்த காலத்திலிருந்தே தெரியும். உயிர்வளி இல்லாத இடத்தில் அமோனியா குவிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் ஆழத்து நீரை அளந்தவர்கள் கண்டது வேறு: கீழிருந்து மேலே பரவும் அமோனியா, உயிர்வளி தொடங்கும் மட்டத்தை எட்டும் முன்பே மறைந்துகொண்டிருந்தது.

ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கெல்பர்ட் ப்ரோடா, 1977இல், ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து, உயிர்வளியின்றி அமோனியாவை எரிக்கும் உயிர் ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் அந்த உயிர் அகப்பட்டது. அனமாக்ஸ் என்று அழைக்கப்படும் இந்த வினையில், அமோனியாவிலிருந்து ஒரு நைட்ரஜன் அணுவும் நைட்ரைட்டிலிருந்து ஒன்றுமாக இரண்டும் இணைந்து நைட்ரஜன் வளியாகின்றன. இடையில் உண்டாவது ராக்கெட் எரிபொருளாகும் ஹைட்ரசின். அந்த நஞ்சைத் தன் உடலுக்குள்ளேயே, ஏணிப் படிகளைப் போல் அடுக்கிய கொழுப்பாலான தனி அறைக்குள் பூட்டி வைத்து இந்த பாக்டீரியா வேலை செய்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அது ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். என் போத்தலில் 12 நாளில் அமோனியா குறையாததில் வியப்பில்லை.

நன்னீர் ஏரியின் நீரில் இது நடப்பதை 2006இல் ஆப்பிரிக்காவின் தங்கன்யிக்கா ஏரியில் காட்டினார்கள். அங்கே அடுக்குகளைப் பிரிப்பது உப்பன்று, வெப்ப வேறுபாடு. ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்து நீரை எடுத்து, எடை 15 உள்ள நைட்ரஜனால் ஆன நைட்ரேட்டை அதில் கலந்தார்கள். வெளிவந்த வளியில் எடை 29 உள்ள மூலக்கூறுகள் இருந்தன. 15ஐயும் சாதாரண 14ஐயும் கூட்டிப் பாருங்கள். கலந்த நைட்ரேட்டிலிருந்து பிறந்த நைட்ரைட் 15ஐயும், ஏரியில் முன்பே இருந்த அமோனியா 14ஐயும் கொடுத்து இணைந்தால் இந்த எடைதான் கிடைக்கும். அந்த ஏரியில் உருவான நைட்ரஜன் வளியில் 13 விழுக்காடு வரை இந்த வழியில் வந்தது. மிச்சம் நைட்ரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்துபவர்களின் வேலை.

அந்த நைட்ரைட் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஒரு பங்கு மேலே உயிர்வளியுள்ள நீரில் அமோனியா எரிந்து பிறக்கிறது, ஒரு பங்கு நைட்ரேட் குறைந்து கிடைக்கிறது. அந்த நைட்ரேட்டும் மேலிருந்து இறங்கியதுதான். ஆகவே உரமும் சாக்கடை நீரும் கொண்டுவந்து சேர்க்கும் தழைச்சத்தை ஏரி வெளியேற்ற, உயிர்வளி உள்ள நீரும் இல்லாத நீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

காலையில் மூடிய போத்தலைத் திறந்து வைத்தேன். சேற்றின் மேற்பரப்பில் நகக்கண் அளவுக்குப் பழுப்பு நிறம் படர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே எல்லாம் கறுப்பு. படக்கருவியை இன்னும் நெருக்கமாகக் கொண்டு போகிறேன், அந்தக் கோட்டைப் பாருங்கள்.