காளை வாங்கிய கடைக்காரர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்துக்குத் தொழில்களை எப்படி வரவழைப்பது, வந்த தொழிலை எப்படிப் போகவிடாமல் வைத்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நிலம், மின்சாரம், சாலை, வரிச்சலுகை என்று பட்டியல் போட்டுப் பேசிவிடலாம்தான். அது உங்களுக்குத் தெரிந்த பட்டியல். அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் வடகிழக்குப் பக்கம் இருக்கும் டூப்பலோ. எல்விஸ் பிரெஸ்லி என்ற பாடகர் பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். லீ கவுண்டி என்ற நிர்வாகப் பகுதிக்கு அதுதான் தலைமையிடம். கவுண்டி என்றால் பெரும்பாலும் நம் தாலுகா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றுகூட அங்கே மொத்த மக்கள்தொகை 83,000 சொச்சம்தான்.

1930களில் அந்த ஊருக்கு என்ன இருந்தது? துறைமுகம் இல்லை, பெரிய ஆறு இல்லை. பெரிய நகரமான மெம்ஃபிஸ் 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது. சுற்றிலும் பருத்திக் காடு. உழுதவர்களில் பலர் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். விளைந்ததில் பங்கைக் கொடுத்து, கடையில் வாங்கிய கடனையும் அடைத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு 1936 ஏப்ரல் 5ஆம் தேதி ஒரு சூறாவளி ஊரைப் புரட்டிப் போட்டது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்துபோன கறுப்பின மக்களின் கணக்கைச் சரியாக எழுதிக்கூட வைக்கவில்லை.

அதே 1936இல் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. ஆளுநர் ஹியூ ஒயிட். விவசாயத்தை மட்டும் நம்பியிருக்கும் மாநிலத்தைத் தொழில் பக்கம் திருப்ப வேண்டும் என்பது நோக்கம். உள்ளூர் நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டலாம், அந்தப் பணத்தில் ஆலைக் கட்டடம் கட்டி வெளியூர் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. இன்று உலகம் முழுவதும் அரசுகள் தொழிற்சாலைகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்துக் கூப்பிடுகின்றன அல்லவா, அதன் முன்னோடிகளில் ஒன்று இது. டுரான்ட் என்ற சிற்றூருக்குக் காலுறை ஆலை வந்தது. வேறு ஊர்களுக்குத் தையல் ஆலைகள் வந்தன. வேலை கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்த கூலிக்காகவும் ஊரார் காசில் கட்டிய கட்டடத்துக்காகவும் வந்த தொழில், இன்னும் மலிவான இடம் தெரிந்ததும் மூட்டை கட்டும். அமெரிக்கத் தென்பகுதியின் தையல் ஆலைகள் பிற்பாடு மெக்சிகோவுக்கும் அதைத் தாண்டியும் போனது அப்படித்தான். கடைசியில் ஊருக்கு மிஞ்சியது காலிக் கட்டடம்.

டூப்பலோவில் ஜார்ஜ் மெக்லீன் என்று ஒருவர். 1934இல் திவாலாகிக் கிடந்த உள்ளூர்ப் பத்திரிகையை வாங்கினார். 1937இல் ஊர்ப் பஞ்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் பக்கம் சாய்கிறார் என்று வியாபாரிகளுக்கு அவர்மேல் கடுங்கோபம். பஞ்சாலையும் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1940களில் அதே வியாபாரிகளிடம் போய் ஒரு யோசனை சொன்னார்: காளை வாங்க வேண்டும், பணம் போடுங்கள்.

அவருடைய வாதம் ரொம்ப நேரானது. உங்கள் கடையில் சாமான் வாங்குகிறவர் யார்? பருத்தி விவசாயி. அவர் கையில் வருடத்துக்கு ஒரு முறைதான் காசு புழங்குகிறது, அதுவும் கடனுக்கே போய்விடுகிறது. அவர் வீட்டில் நல்ல கறவை மாடு இருந்தால் மாதம் முழுக்கப் பால் காசு வரும். அந்தக் காசு உங்கள் கல்லாவுக்குத்தான் வரப்போகிறது. பாலை வாங்க ஆளும் இருந்தது, 1927இலேயே கார்னேஷன் நிறுவனம் டூப்பலோவில் பால் ஆலை வைத்திருந்தது. ஆனால் மாடுகள்தான் சரியில்லை. உயர்ந்த ரகக் காளை வாங்குவது ஒரு சிறு விவசாயியால் ஆகிற காரியமில்லை. கடைக்காரர்கள் சேர்ந்து காளைக்குப் பணம் போட்டார்கள். செயற்கை முறைக் கருவூட்டல், அதாவது நம் ஊர்களில் சினை ஊசி என்கிறோமே, அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

பால் சங்கத்தில் பால் ஊற்றிய குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதன் அருமை புரியும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை கைக்கு வரும் பணம் வீட்டின் நடையையே மாற்றிவிடும். பள்ளிக் கட்டணம், மளிகை, ஒரு தகரக் கூரை எல்லாம் அதிலிருந்துதான் வரும். தொழில் வளர்ச்சி என்று கிளம்பிய ஓர் ஊர் மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியதே என்று சிலர் நினைக்கலாம். அங்கே தொடங்கியதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். இருக்கிற தொழிலில் இருக்கிற மக்களின் வருமானத்தை உயர்த்திவிட்டு, அப்புறம் வெளியே பார்த்தார்கள்.

அடுத்த கட்டமாகக் கிராமந்தோறும் வளர்ச்சி மன்றங்கள் வைத்தார்கள். விவசாயிகள் கூடிப் பேசுவார்கள்: சாலை, பள்ளி, தொலைபேசி, விதை. நகரத்து வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் அந்தக் கூட்டங்களுக்குப் போனார்கள், விவசாயிகள் வீட்டுச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிட்டார்கள். 1948இல் சமூக வளர்ச்சி அறக்கட்டளை என்ற அமைப்பு உருவானது. ஒன்றை மறைக்கக் கூடாது. அன்றைய மிசிசிப்பியில் எல்லாமே வெள்ளையர், கறுப்பர் என்று பிரிந்து கிடந்தது. இந்த முயற்சியும் அதற்கு விலக்கில்லை. வளர்ச்சியில் கறுப்பின மக்களுக்கு நியாயமான பங்கு கிடைக்க நெடுங்காலம் ஆனது.

பக்கத்து யூனியன் கவுண்டியில் நியூ ஆல்பனி என்ற ஊர். 1948இல் சிகாகோவிலிருந்து மாரிஸ் ஃபூட்டோரியன் என்பவர் வந்து அங்கே சோபா ஆலை தொடங்கினார். அதுவரை ஒரு கைவினைஞரே முழுச் சோபாவையும் செய்வது வழக்கம். இவர் அதை வரிசையில் பிரித்தார். ஒருவர் மரச்சட்டம் அடிப்பார், ஒருவர் ஸ்பிரிங் கட்டுவார், ஒருவர் துணி வெட்டுவார், ஒருவர் தைப்பார். நேற்றுவரை பருத்தி பறித்த கைகள் சில வாரங்களில் தொழில் கற்றுக்கொண்டன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவரிடம் வேலை பார்த்து மேற்பார்வையாளர்களான ஆட்கள் வெளியே வந்து சொந்த ஆலை வைத்தார்கள். சோபா செய்யக் கோடிக்கணக்கில் இயந்திரம் வேண்டாம். ஒரு கொட்டகை, மரச்சட்டம், ஸ்பிரிங், பஞ்சு, துணி, தையல் தெரிந்த ஆட்கள், கடன் கொடுக்க உள்ளூர் வங்கி. இவ்வளவும் அங்கே இருந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவர் பிரிந்து வந்து ஆலை வைக்க வைக்க, துணி விற்பவர், சட்டம் அறுப்பவர், லாரிக்காரர் எல்லாம் பக்கத்திலேயே வந்து சேர்ந்தார்கள். 1987இல் டூப்பலோவில் மரச்சாமான் சந்தையே தொடங்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு முதலாளியின் ஆலை, உள்ளூர் முதலாளிகளை உண்டாக்கியது. ஒரு தொழில் ஓர் ஊரில் வேர் பிடித்துவிட்டதா என்று எனக்குச் சொல்லும் அடையாளம் அதுதான்.

2000க்குப் பிறகு சீனாவிலிருந்து மலிவான மரச்சாமான்கள் வந்து குவிந்தன. சோபாவை மட்டும் நம்பினால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. லீ, யூனியன், பான்டடாக் என்ற மூன்று கவுண்டிகள் அப்போது ஒரு காரியம் செய்தன. வழக்கமாக ஒரு பெரிய கம்பெனி இடம் தேடி வந்தால் அக்கம்பக்கத்து ஊர்கள் போட்டி போட்டுக்கொண்டு சலுகையை ஏற்றும். நீ பத்து வருடம் வரி வேண்டாம் என்றால் நான் இருபது வருடம் வேண்டாம் என்பேன். கடைசியில் யார் ஜெயித்தாலும் பணம் கம்பெனிக்குப் போகும். இந்த மூன்றும் அப்படிச் செய்யாமல் கூட்டணி சேர்ந்தன. யூனியன் கவுண்டியில் புளூ ஸ்பிரிங்ஸ் பக்கம் 1,700 ஏக்கரை ஒரே தளமாகத் திரட்டின. செலவும் மூவருக்கும், வரி வருமானத்திலும் மூவருக்கும் பங்கு என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டன. தனியாக நின்றிருந்தால் எந்தக் கவுண்டியாலும் அந்த அளவு நிலத்தைக் காட்டியிருக்க முடியாது.

2007 பிப்ரவரியில் டொயோட்டா அங்கே கார் ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி. கட்டடம் எழும்பிய நிலையில் வேலை நின்றுபோனது. நிலத்தில் போட்ட பணம், எதிர்பார்த்த வேலை, எல்லாம் அந்தரத்தில் தொங்கின. கூட்டணி உடையவில்லை. 2011இல் கொரோலா கார்கள் வெளியே வரத் தொடங்கின. இன்று சுமார் 2,000 பேர் அங்கே வேலை செய்கிறார்கள். உதிரிபாக ஆலைகள் சுற்றுவட்டார ஊர்களில் முளைத்தன. இந்த மூன்று கவுண்டிகளின் பள்ளிகளுக்காக டொயோட்டா பத்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. ஒரு கம்பெனியிடம் ஊர் என்ன கேட்கலாம் என்பதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் விஷயம் இது.

இதோடு எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. 2022 நவம்பரில் டூப்பலோவைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சோபா நிறுவனம் ஒன்று நள்ளிரவில் குறுஞ்செய்தி அனுப்பிச் சுமார் 2,700 பேரை வேலையைவிட்டு நிறுத்தியது. காலையில் ஷிப்டுக்குக் கிளம்பியவர்கள் கைப்பேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பண்டிகைக் காலம் வேறு. படிக்கும்போதே வயிறு எரிகிறது. அடுத்த சில வாரங்களில் அங்கே வேலைவாய்ப்பு முகாம்கள் நடந்தன, மற்ற ஆலைகள் ஆள் எடுக்க வந்தன. ஒரே கம்பெனியை நம்பிய வட்டாரமாக இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்?

புதிய ஆலையை அழைத்து வருவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அடிக்கல், ரிப்பன், புகைப்படம் எல்லாம் உண்டு. இருக்கிற ஆலையைத் தக்கவைப்பது யார் கண்ணிலும் படாத வேலை. அமெரிக்கக் கவுண்டிகள் பலவற்றில் தொழில் வளர்ச்சி அலுவலர்கள் உள்ளூர் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் போய் உட்கார்ந்து பேசுவார்கள். கேட்கும் கேள்விகள் சாதாரணமாகத்தான் இருக்கும். கட்டடக் குத்தகை எப்போது முடிகிறது? மின்சாரம் அடிக்கடி போகிறதா? எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை? விரிவாக்க இடம் பார்க்கிறீர்களா? முதலாளிக்கு என்ன வயது, பிள்ளைகள் தொழிலுக்கு வருவார்களா? கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. வாரிசு இல்லாத நாற்பது பேர் பட்டறை ஒரு நாள் சத்தமில்லாமல் பூட்டப்படும், யாரும் செய்தி போட மாட்டார்கள். முன்பே தெரிந்தால் அங்கேயே வேலை செய்யும் மேற்பார்வையாளருக்கு வங்கிக் கடன் ஏற்பாடு செய்து அவர் கையில் மாற்றிவிட முடியும்.

நம் மாவட்டங்களில் சிப்காட் எப்போது வரும் என்று கேட்கிறோம், அது கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே, நம் தாலுகாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அரிசி ஆலை, விசைத்தறிக் கூடம், லேத் பட்டறை ஆகியவற்றின் முதலாளிகளிடம் கடைசியாக எந்த அதிகாரி, எந்த வங்கி மேலாளர் போய் இப்படி உட்கார்ந்து பேசினார் என்றும் கேளுங்கள்.

மெக்லீன் 1983இல் காலமானார். அதற்கு முன்பே, 1972இல், அந்த வட்டாரத்துக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர உதவியாளர்களை அமர்த்தவும் பணம் கொடுத்தார். பத்திரிகையையும் அந்த அறக்கட்டளைக்கே எழுதிவைத்துவிட்டார். அமெரிக்காவின் சிற்றூர்ப் பத்திரிகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய கம்பெனிகளுக்கு விலைபோன காலத்திலும் டூப்பலோ பத்திரிகை ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்தது. அதன் லாபம் சுற்றியுள்ள கவுண்டிகளின் வேலைகளுக்கே போகும்படி ஏற்பாடு.

பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.