இடிந்த சுவரைப் பார்க்கவா ரோமுக்குப் போகிறோம்? ஒரு நேயரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன வாரம் ஷெங்கன் விசா பற்றிப் பேசிய பிறகு நிறையக் கேள்விகள் வந்திருந்தன. அதில் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: "அண்ணா, அப்பா அம்மாவை முதல் தடவையாக ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போகிறேன். ரோமில் மூன்று நாள். எதை எதைப் பார்க்கலாம்? அப்பாவுக்கு மூட்டு வலி. அம்மா சுத்த சைவம். அப்பாவிடம் கொலோசியம் என்கிற பழைய அரங்கத்தின் படத்தைக் காட்டினேன், 'இடிஞ்சு போன செவுத்தப் பாக்கவா இவ்வளவு காசு?' என்கிறார். என்ன பதில் சொல்வது?"

தம்பி, உங்கள் கேள்வியை விட உங்கள் அப்பாவின் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நம் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்குத் தெரியும், எந்த ஊருக்குப் போனாலும் ஒரு விஷயத்தைத் தேடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். பழைய பொருள் எது என்பதோடு நிற்காமல், பழையதில் எது இன்னும் வேலை செய்கிறது என்று பாருங்கள். இஸ்தான்புல் பற்றிப் பேசும்போதும் இதைத்தான் சொன்னேன். ரோமுக்கு இது இன்னும் நூறு மடங்கு பொருந்தும்.

ஒரு பாலம் சொல்கிறேன். டைபர் ஆற்றின் நடுவில் கப்பல் வடிவத்தில் ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கரையிலிருந்து அந்தத் தீவுக்குப் போகப் பொந்தே ஃபப்ரிச்சியோ என்று ஒரு பாலம். கட்டியது கிமு 62இல். கட்டியவரின் பெயர் வளைவின் மேல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது, லூசியஸ் ஃபப்ரிசியஸ். இரண்டு பெரிய வளைவுகள். நடுத்தூணில் மட்டும் ஒரு சின்ன வளைவு, வெள்ளம் வந்தால் தண்ணீர் அதன் வழியாகப் போய்ப் பாலத்தின் மேல் அழுத்தம் குறையட்டும் என்று. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அந்த ஆற்றின் வெள்ளத்தை எல்லாம் பார்த்துவிட்டு இன்றைக்கும் நிற்கிறது. காலையில் அங்கே போனால் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி நடந்து போவார். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. பாலத்தைத் தாண்டினால் தீவில் ஒரு மருத்துவமனை, பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருப்பது. அதற்கு முன்னால், கிமு மூன்றாம் நூற்றாண்டில், அந்தத் தீவில் இருந்தது என்ன தெரியுமா? வைத்தியத்துக்கு உரிய தெய்வமான எஸ்குலேப்பியசின் கோயில். நோய் தீர வேண்டும் என்று மனிதர்கள் இத்தனை காலமும் அதே தீவுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். அப்பாவை முதல் நாள் காலையிலேயே அங்கே கூட்டிப் போங்கள். பாலம் சின்னதுதான், முழங்காலுக்கும் பெரிய தொந்தரவு இல்லை.

அப்புறம் பாந்தியன், ரோமானியர் கட்டிய பழைய கோயில். இப்போதிருக்கும் கட்டடம் கிபி 126 வாக்கில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முடிந்தது. 609இல் அதைத் தேவாலயமாக ஆக்கினார்கள், இன்றைக்கும் அங்கே பூசை நடக்கிறது. அது தப்பிப் பிழைத்ததற்கே காரணம் அதுதான். ஆள் புழங்காத கட்டடங்களிலிருந்து கல்லைப் பெயர்த்து வேறு வேலைக்கு எடுத்துப் போய்விட்டார்கள், வழிபாடு நடந்த இடத்தை விட்டுவைத்தார்கள். உள்ளே போனதும் நேராக நடுவில் நின்று மேலே பாருங்கள். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3 மீட்டர். உள்ளே கம்பி இல்லாத கான்கிரீட். இன்றுவரை அந்த வகையில் உலகிலேயே பெரியது அதுதான். எப்படி நிற்கிறது என்றால், கீழே கனமான கல்லைக் கலந்தார்கள், மேலே போகப் போக எடை குறைந்த கல், உச்சியில் நுரைக்கல். உச்சியில் திறந்த வட்டம், கண்ணாடியெல்லாம் இல்லை. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். அதற்காகத் தரையை நடுவில் லேசாக மேடாக்கி, பளிங்கில் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் மேலே பார்ப்பார்கள், நீங்கள் அப்பாவுக்குக் கீழே இருக்கிற அந்தத் துளைகளைக் காட்டுங்கள். வீடு கட்டிய மனிதர் என்றால் உடனே புரிந்துகொள்வார். 2023இலிருந்து இதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள்.

பாந்தியன் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், அக்ரிப்பா. முதலில் அந்த இடத்தில் கோயில் கட்டியவர். அதே அக்ரிப்பாதான் கிமு 19இல் அக்வா விர்கோ என்ற நீர்வழியைக் கொண்டுவந்தார், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பெரும்பகுதி பூமிக்கு அடியில். நடுவில் எத்தனையோ தடவை பழுதாகி, திரும்பத் திரும்பச் சரிசெய்திருக்கிறார்கள். ட்ரெவி நீரூற்று இருக்கிறதே, எல்லோரும் முதுகைக் காட்டி நின்று காசு போடுகிற இடம், 1762இல் முடிந்தது, அதற்குத் தண்ணீர் தந்தது அந்த நீர்வழிதான். சிற்பங்களுக்கு மேலே வலது பக்கப் புடைப்புச் சிற்பத்தைப் பாருங்கள்: ஒரு பெண் படைவீரர்களுக்கு ஊற்றைக் காட்டிக்கொடுக்கிறாள். கூட்டத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. பக்கத்தில் வியா தெல் திரித்தோனே தெருவில் ரினாஷென்தே என்ற பெரிய துணிக்கடை இருக்கிறது. அதன் அடித்தளத்துக்குப் போனால் அந்த நீர்வழியின் வளைவுகளையே கடைக்குள் பார்க்கலாம். இலவசம், குளிர்சாதனமும் உண்டு. வெயில் காலத்தில் அப்பா அம்மாவுக்கு நல்ல ஓய்விடம்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. தெருவெல்லாம் இரும்பில் செய்த குட்டையான குழாய்த் தூண்கள் இருக்கும், நாசோனி என்பார்கள், 1870களில் வைக்க ஆரம்பித்தது. நல்ல குடிதண்ணீர், இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். வீணாகிறதே என்று நம் ஆட்களுக்கு முதலில் மனசு அடித்துக்கொள்ளும். வளைந்த குழாயின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கீழ் வாயை விரலால் அடைத்தால், தண்ணீர் அந்த ஓட்டை வழியாக மேலே பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். பாட்டில் வாங்கவே வேண்டாம்.

சரி, மூன்று நாள் கணக்குக்கு வருகிறேன். கொலோசியத்துக்கு ஒரு காலை போதும். அதே டிக்கெட்டில் பக்கத்திலிருக்கும் ஃபோரமும், அதாவது பழைய ரோமின் மையச் சதுக்கமும், பாலட்டைன் குன்றும் சேர்ந்து வரும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். அப்பா சொன்னது இந்த ஓர் இடத்துக்கு உண்மையும்கூட, பாதிக் கல்லை வேறு கட்டடங்களுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே போக மனமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், சாயங்காலம் வெளியே சுற்றி வந்தாலே அதன் பிரமாண்டம் தெரியும்.

வத்திக்கானுக்கு ஒரு நாள். அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அங்கேயே இருக்கும் சிஸ்டைன் ஆலயத்தின் கூரையை மைக்கேலாஞ்சலோ 1508இலிருந்து 1512 வரை வரைந்தார். அதுவும் காட்சிப்பொருளாக மட்டும் இல்லை பாருங்கள், 2025 மே மாதம் போப் பதினான்காம் லியோவை அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள்.

பாந்தியனிலிருந்து சில நிமிட நடையில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்சேசி என்று ஒரு தேவாலயம். ஓவியர் கரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், 1600ஐ ஒட்டி அந்த இடத்துக்கென்றே வரைந்தவை, அங்கேயே இருக்கின்றன. இலவசம். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். இடது சுவரில் இருக்கும் ஓவியத்தில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழுகிறது. திரும்பிப் பார்த்தால் நிஜ ஜன்னலும் பலிபீடத்துக்கு மேலே அதே பக்கத்தில். அருங்காட்சியகத்துக்குக் கழற்றிக் கொண்டுபோயிருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. மத்தியானம் பல தேவாலயங்களை மூடிவிடுவார்கள், காலையில் போங்கள். அங்கிருந்து பியாட்சா நவோனா என்ற சதுக்கமும் பக்கம்தான். 1651இல் சிற்பி பெர்னினி முடித்த நீரூற்றில் நான்கு நதிகள் மனித உருவில் இருக்கும், கையில் துடுப்போடு இருப்பது நம் கங்கை. அம்மாவை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுங்கள்.

ஆமாம், அம்மாவின் சாப்பாடு. எடை போட்டு விற்கும் பீட்சாவில் வெறும் தக்காளி போட்டது கிடைக்கும். குளிர்காலம் முதல் வசந்தம் வரை யூதர் பகுதியில் ஆர்டிசோக் பூவை முழுசாக எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், தாராளமாகச் சாப்பிடலாம். காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தா சைவம் போலத் தெரியும், ஆனால் அதில் போடும் பெக்கோரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

அந்தப் பாஸ்தாவில் சீஸுக்கு அடுத்தபடி மிளகுதான். இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிறேன்! ஃபோரத்தில் மேக்ஸென்டியஸ் பசிலிக்கா என்று மூன்று பெரிய வளைவுகள் நிற்கும். அதற்கு அடியில் இருந்தது பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு, முதல் நூற்றாண்டின் கடைசியில். மிளகு எங்கிருந்து போனது? "பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி" என்று அகநானூறு 149 யவனர் கப்பலைச் சொல்கிறதே, கறி என்றால் மிளகு, அந்தச் சேர நாட்டுக் கரையிலிருந்துதான். இந்தியாவுக்கு வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ், அதாவது ரோமானிய நாணயம், போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். ஆக, தம்பி, அப்பாவை அந்த வளைவுகளுக்கு முன்னால் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள், அப்புறம் இடிந்த சுவர் என்று சொல்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள். முசிறியிலிருந்து அந்தக் கிடங்கு வரை மிளகு போன வழியைத் தனியாகப் பேச எனக்கு ஆசை, வேண்டும் என்றால் கீழே கேளுங்கள். அடுத்த கேள்வி, ரயில் பாஸ் பற்றி.