அப்பாவின் இடது கையும் காலை ஜெபமும்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

வீட்டில் பெற்றோரில் ஒருவர் பெரிய வியாதியில் இருக்கும்போது நாள்தோறும் ஜெபிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்கிற மகள் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

டயாலிசிஸ் ஒரு ஆபரேஷன் மாதிரி முடிந்துபோகிற காரியம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம், ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வழியில்லாதவர்களுக்கு இது ஆயுசு முழுக்க உள்ள ஏற்பாடு. ஆகவே, 'ஆண்டவரே, குணமாக்கும்' என்கிற ஜெபத்தை என்ன செய்வதென்பதே எங்கள் வீட்டில் முதல் சிக்கல். தினமும் அதையே கேட்டால் அப்பாவின் முகம் வாடிவிடும். கேட்காமல் விட்டால், நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டோமோ என்று அம்மா கலங்குவார்.

அப்பாதான் வழி சொன்னார். "பரமண்டல ஜெபத்துல என்னம்மா இருக்கு? ஆகாரத்தை 'இன்று' தாரும்னுதானே கேக்கோம். எனக்கும் இன்னைக்கு வேண்டியதைக் கேளு, போதும்." வனாந்தரத்தில் தினமும் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்கிற ஆகாரத்தை மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது புழுத்து நாறியதே, அந்தக் கணக்குத்தான். அப்புறம் எங்கள் ஜெபம் சின்னதாகிவிட்டது. இன்றைக்கு ஊசி முதல் தடவையிலேயே இறங்க வேண்டும். பாதியில் பிபி குறையக் கூடாது. கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளக் கூடாது. ஊசி போடுகிற நர்ஸ் பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் கிடைத்திருக்க வேண்டும். ஏறக்குறைய இதையேதான் தினமும் கேட்கிறோம். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறாரே, எங்களுக்கு மட்டும் புது வார்த்தை எதற்கு?

அப்பாவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்பார்கள். அதன்மேல் விரல் வைத்தால், மடியில் கிடக்கும் பூனை உறுமுகிற மாதிரி உள்ளே ஓர் அதிர்வு ஓடும். அதைத் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, சோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. காலையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். முதலில் விரல், அதிர்வு தெரிந்த பிறகு சங்கீதம்.

அப்பாவுக்குப் பிடித்தது 41-ஆம் சங்கீதம். வியாதியாய்க் கிடக்கிறவனைக் கர்த்தர் தாங்குவார், அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவார் என்று அதில் வரும். ராத்திரியில் நனைந்த விரிப்பை உருவி வேறு போட்டவர்களுக்கு அந்த வசனம் சட்டென்று புரியும். எனக்கு வேண்டியது 88. மற்றச் சங்கீதங்களைப் போல அழுது தொடங்கித் துதியில் முடியாது அது, இருளிலேயே முடியும். வாய் திறந்து ஸ்தோத்திரம் சொல்ல வராத நாளில் அதை வாசித்துவிட்டு, விளக்கம் எதுவும் சொல்லாமல் எழுந்துவிடுவோம்.

தண்ணீர்தான் பெரிய பாடு. சிறுநீர் சரியாகப் பிரியாததால், குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிக் கால் வீங்கும், மூச்சு முட்டும். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். சித்திரை வெயிலில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரிய வெள்ளி ஆராதனையைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். சிலுவையில் இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தை, 'தாகமாயிருக்கிறேன்.' அதைக் கேட்டு அவருக்குக் காடியை, அதாவது புளித்த திராட்சரசத்தை, கொடுத்தார்கள். பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. அப்பா மெதுவாக, "அவருக்காவது காடி கொடுத்தாங்க" என்றார். அம்மா அதட்டினார். எனக்கென்னவோ, அன்றைக்கு அந்த வசனத்தை அவரைவிட நன்றாகக் கேட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

ஒன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விசுவாசம் இருந்தால் இயந்திரம் எதற்கு என்று படுக்கையருகே நின்று பேசுகிறவர்கள் உண்டு. வேதத்தில், சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், ஆண்டவர் கேட்டு ஆயுசில் 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதே அதிகாரத்தில்தான், அவருடைய பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப் போடச் சொல்கிறார் ஏசாயா தீர்க்கதரிசி. ஜெபம் கேட்கப்பட்டது, மருந்தும் போடப்பட்டது. 1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்கிற மருத்துவர் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி டயாலிசிஸ் இயந்திரம் செய்தார். அதையும் அத்திப்பழ அடையோடு சேர்த்துத்தான் நான் நன்றி சொல்கிறேன். சிறுநீரகம் அறவே வேலை செய்யாதவர் டயாலிசிஸை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. யார் என்ன சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை விட்டுவிட்டவர்களை, மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்கிறார். அப்பாவைக் குளிப்பாட்ட நேரமாகி, ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் போகிற பிள்ளைகள் அந்தப் பகுதியை ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம். குற்றவுணர்வு பாதி குறையும்.

சபையார் வீட்டுக்கு வந்து ஜெபிப்பது நல்லதுதான், வாருங்கள். ஆனால் ஜெபத்தைச் சுருக்கமாக வையுங்கள், டயாலிசிஸ் முடிந்து வந்தவருக்கு உட்காரத் தெம்பிருக்காது. முடிந்தால் டயாலிசிஸ் நாளிலேயே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். அந்த 4 மணி நேரம் அவர் பக்கத்தில் நீங்கள் இருந்தால், மகளோ மகனோ பாங்கிக்குப் போய்விட்டு, ரேஷனும் வாங்கிவிட்டு வர முடியும். ஏதாவது வாங்கி வர வேண்டுமென்றால் இரண்டு ஆப்பிள் போதும். இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம், இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

நன்றி, வணக்கம்.