என்க்ரிப்ஷனை உடைக்காமலே ஏமாத்துறது எப்படி

எல்லாருக்கும் வணக்கம். செக்யூரிட்டின்னாலே எத்தனை பிட் என்க்ரிப்ஷன், பாஸ்வேர்டுல எத்தனை எழுத்துன்னு தான் கேக்குறாங்க. நான் அதைப் பத்திப் பேசப் போறதில்ல. என்க்ரிப்ஷனை யாராலயும் உடைக்க முடியாதுன்னே வெச்சுக்குவோம், அப்பவும் ஏமாத்த முடியுமா?

1978ல ரோஜர் நீதம், மைக்கேல் ஷ்ரோடர்னு ரெண்டு பேர் ஒரு புரோட்டோகால் எழுதினாங்க, அதாவது நெட்வொர்க்ல ரெண்டு பேர் தான் யாருன்னு ஒருத்தருக்கொருத்தர் நிரூபிக்க எந்த வரிசையில என்ன மெசேஜ் அனுப்பணும்ங்கிற விதி. ஆனந்தி தன் பேரையும் ஒரு ரகசிய நம்பரையும் பாலு மட்டும் திறக்கிற மாதிரி பூட்டி அனுப்புவா, பாலு அந்த நம்பரோட தன்னோட நம்பரையும் சேர்த்து ஆனந்தி மட்டும் திறக்கிற மாதிரி திருப்பி அனுப்புவான், கடைசியா பாலு நம்பரை அவ அவனுக்கே பூட்டி அனுப்பிட்டா ரெண்டு பேருக்கும் நம்பிக்கை வந்துடும். மூணே மெசேஜ்.

17 வருஷம் கழிச்சு, 1995ல கேவின் லோ இதுல ஒரு ஓட்டையைக் காட்டினார். ஆனந்தி சேகர்னு ஒருத்தன்கிட்ட பேச ஆரம்பிக்கிறா. சேகர் ஹேக்கர் எல்லாம் இல்ல, அதே நெட்வொர்க்ல அக்கவுண்ட் வெச்சிருக்கிற ஆளு தான். அவ அனுப்பினதைத் திறந்து, பாலுவுக்குப் பூட்டி, ஆனந்தி அனுப்புற மாதிரியே தள்ளி விடுறான். பாலு ஆனந்திக்குன்னு பூட்டி அனுப்புற பதிலை சேகரால திறக்க முடியாது, ஆனா எதுக்குத் திறக்கணும், அப்படியே அவகிட்ட குடுத்தா அவளே திறந்து, சேகர் தான் அனுப்பினான்னு நினைச்சு, பாலுவோட நம்பரை சேகருக்குப் பூட்டி அனுப்பிடுறா. இப்ப பாலு ஆனந்திகிட்ட பேசுறதா நம்பிட்டு சேகரை உள்ள விட்டுட்டான். ஒரு பூட்டும் உடையல! ரெண்டாவது மெசேஜ்ல பாலு தன் பேரைச் சேர்த்தா போதும், இந்த ஓட்டை அடைஞ்சுடும்.

இதுல வேடிக்கை என்னன்னா, 1989லயே நீதமும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து யார் எதை நம்புறாங்கன்னு கணக்குப் போட ஒரு லாஜிக்கே உருவாக்கி இந்த புரோட்டோகாலை அதுல ஓட்டிப் பாத்தாங்க, இந்த ஓட்டை மாட்டல. உள்ள இருக்கிறவங்க எல்லாம் நேர்மையானவங்கன்னு அந்த லாஜிக் எடுத்துக்கிச்சு. சரி, ஓட்டை இருக்கான்னு ஒரு புரோகிராமே எப்பவும் சொல்லிடுமான்னா, பொதுவா முடியாதுன்னு நிரூபிச்சிருக்காங்க, எந்த வகை புரோட்டோகாலுக்கு முடியும்னு நம்ம சென்னையிலயே ஆர். ராமானுஜமும் எஸ். பி. சுரேஷும் நிறைய வேலை செஞ்சிருக்காங்க.

லாஜிக் எதிராளியால என்ன முடியும்னு சொல்லும். அவன் அதைச் செய்வானா, செஞ்சா அவனுக்குக் கட்டுபடியாகுமாங்கிறது கேம் தியரி. 2012ல என்க்ரிப்ஷன் ஆராய்ச்சியாளர் ரிவெஸ்ட் உள்பட நாலு பேர் ஃப்ளிப்இட்னு ஒரு விளையாட்டு எழுதினாங்க. ஒரு சர்வர், யார் வேணா எப்ப வேணா பிடிக்கலாம், பிடிக்க ஒவ்வொரு தடவையும் செலவு, ஆனா இப்ப அது யார் கையில இருக்குன்னு நீங்க ஒரு மூவ் எடுத்தா தான் தெரியும். 90 நாளைக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்துன்னு ஆபீஸ்ல உயிரை எடுப்பாங்களே, அந்த மாதிரி மாறாத தேதியில ஆடினா எதிராளி 91வது நாள் வந்து உக்காந்துப்பான். அதுவும் நம்மாளு 'மதுரை1'ஐ 'மதுரை2'ன்னு தான் மாத்துவான். அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டும் 2017ல காரணமில்லாம மாத்தச் சொல்லாதீங்கன்னு எழுதிடுச்சு.

பிரைவசிக்கு லாஜிக், கேம் ரெண்டுமே வேணும். நம்ம ஓட்டு மெஷினையே எடுத்துக்குங்க. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு மெஷின் யார்கிட்டயும் சொல்லாது. ஆனா ரிசல்ட் பூத் வாரியா வெளிய வருது, ஒரு பூத்ல மொத்த ஓட்டும் ஒரே சின்னத்துக்கு விழுந்திருந்தா அங்க ஓட்டுப் போட்ட ஒவ்வொருத்தரோட ரகசியமும் போச்சு, எதுவும் லீக் ஆகாமலே. இது லாஜிக். இது முன்னாடியே தெரிஞ்ச வேட்பாளர், உங்க ஊர்ல ஓட்டு குறைஞ்சா தண்ணி லாரி வராதுன்னு மிரட்ட முடியுது, ஊரும் அதை நம்புது, ஏன்னா அவரால சரிபார்க்க முடியும். இது கேம். மிரட்டலுக்குப் பலமே அந்த சரிபார்ப்பு தான்.

அதனால தான் தேர்தல் கமிஷன் 2008ல டோட்டலைசர் கேட்டுச்சு, 14 பூத் மெஷினை ஒண்ணா இணைச்சு மொத்தத்தை மட்டும் காட்டுற கருவி. 2015ல சட்டக் கமிஷனும் பரிந்துரை பண்ணுச்சு, இன்னும் வரல. பூத் கணக்கு இல்லாம பூத் கமிட்டியை வெச்சு என்ன பண்றதுன்னு கட்சிக்காரங்க கவலைப்படுறாங்களோ என்னவோ. 14 பூத்தும் ஒரே சின்னத்துக்குப் போட்டிருந்தா டோட்டலைசராலயும் காப்பாத்த முடியாது, அது வேற விஷயம். கேள்வி இருந்தா கேளுங்க, பின்னாடி வரிசைக்கு மைக் குடுங்கப்பா.