யாழ்ப்பாணத்தில எலெக்சன் கேக்கிற புது ஆளுக்கு ஆரோட போட்டி?

வணக்கம் உறவுகளே. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட நிக்கிறன், ஹோர்ன் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. மாகாணசபைத் தேர்தல் வந்தா புது ஆக்கள் வெல்ல வழி இருக்கோ எண்டு கனபேர் கேட்டிருந்தனீங்கள். அதைத்தான் இண்டைக்குக் கதைக்கப்போறன்.

முதல் இந்த நோட்டீஸைப் பாருங்கோ. கிட்டக் கொண்டுவாறன்... ஆ, இப்ப தெரியுது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல் நேரம் ஒரு வேட்பாளர் எங்கட படலைக்குள்ளால போட்டது. மேல கட்சிச் சின்னம், பக்கத்தில புள்ளடி. கீழ ஒண்டில இருந்து ஒன்பது மட்டும் பெட்டி. ஒரு பெட்டிக்க மட்டும் சிவப்புப் புள்ளடி. மற்ற எட்டு இலக்கத்துக்கும் பேரும் இல்லை, படமும் இல்லை. அந்த எட்டும் ஆர்? எல்லாம் அந்த வேட்பாளற்ர சொந்தக் கட்சி ஆக்கள்!

இதுதான் விசயம். வெளிநாட்டில பிறந்து வளந்த பிள்ளையளுக்காகச் சொல்லுறன்: எங்கட முறையில முதல் சின்னத்துக்குப் புள்ளடி. பிறகு அந்தப் பட்டியலில விரும்பின மூண்டு பேருக்கு மட்டும் விருப்பு வாக்கு. கட்சிக்கு எத்தினை கதிரை எண்டு சின்னம் சொல்லும், அதில ஆர் இருக்கிறது எண்டு விருப்பு வாக்குத்தான் சொல்லும். அப்ப புது ஆள் மேடையில மற்றக் கட்சியைத் திட்டுவார், வீடு வீடாப் போகேக்க தன்ர கட்சிக்காரரைத்தான் முந்தவேணும். இனிமேல் ஆரும் படலைக்கு வந்தா, "தம்பி, மிச்ச ரெண்டு வாக்கையும் ஆருக்குப் போட?" எண்டு கேட்டுப் பாருங்கோ. முகம் போற போக்கைப் பாக்கவேணும்.

கணக்கோட ஒரு ஆளைச் சொல்லுறன். அங்கஜன் இராமநாதன். அவற்ர அரசியல் உங்களுக்குப் பிடிக்குதோ இல்லையோ, அது வேற கதை. 2010இல பாராளுமன்றத்துக்குக் கேட்டார், கிடைக்கேல்லை. 2013 செப்டெம்பர் 21, வடக்கு மாகாணசபைத் தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின்ர வீட்டுச் சின்னம் சுழட்டி அடிச்ச தேர்தல் அது, மாகாணத்தில இருந்த 38 ஆசனத்தில 30 கூட்டமைப்புக்கு. அவையின்ர முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரன் ஐயாவுக்கு மட்டும் விருப்பு வாக்கு 132,255. அந்த அலைக்குள்ளயும் அப்பத்தைய ஆளுங்கட்சிக் கூட்டணியின்ர வெற்றிலைச் சின்னத்துக்கு யாழ்ப்பாணத்தில ரெண்டு ஆசனம், அதில ஒண்டு இவருக்கு. விருப்பு வாக்கு எவ்வளவு? பத்தாயிரம் சொச்சம்தான். 2015 பாராளுமன்றத் தேர்தலில திரும்பவும் தோல்வி, தேசியப் பட்டியலால உள்ள போனவர்.

2020 பாராளுமன்றத் தேர்தலில நடந்ததுதான் சுவாரசியம். சுதந்திரக் கட்சி, கை சின்னம். கட்சிக்கு 49,373 வாக்கு, ஒரேயொரு ஆசனம். வீட்டுக்கு 112,967, மூண்டு ஆசனம். ஆனா மாவட்டத்திலேயே கூடின விருப்பு வாக்கு ஆருக்கு? அங்கஜனுக்கு, 36,365. வீட்டில முதலாவதா வந்த சிறீதரனுக்கு 35,884. ரெண்டு மடங்குக்கு மேல வாக்கெடுத்த கட்சியின்ர முதல் ஆளை விட இவருக்குக் கூட! ஏனெண்டா வீட்டுப் பட்டியலில பெரிய தலையள் கனக்க, வாக்கு பிரிஞ்சு போகும். கைக்குப் போட்ட ஆக்களில முக்கால்வாசிப் பேர் ஒரே ஆளுக்குப் போட்டிருக்கினம். பெரிய கட்சியில ஒன்பதாவது ஆளா நிக்கிறதோ, சின்னக் கட்சியில முதல் ஆளா நிக்கிறதோ எண்டு புது ஆக்கள் தலையைப் பிய்க்கிறது இதுக்குத்தான். அதுக்காக இது நிரந்தரமான வழியும் இல்லை. 2024இல அவரும் தோத்தார். தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கோட மூண்டு ஆசனத்தை அள்ளிக்கொண்டு போட்டுது. பட்டியலில பேர் தெரியாத ஆக்களும் அவையின்ர திசைகாட்டிச் சின்னத்தால வெண்டவை.

இப்ப மாகாணசபைக்கு வாறன். பாராளுமன்றத்துக்கு யாழ்ப்பாணம், கிளிநொச்சி ரெண்டுக்கும் சேத்து இப்ப ஆறு ஆசனம். மாகாணசபையில யாழ்ப்பாணத்துக்கு மட்டும் 16. பெரிய காசில்லாத, கொழும்பில ஆளில்லாத ஒருத்தருக்கு ஏறக்கூடிய படி எண்டா அதுதான். அந்தப் படியைத்தான் கழட்டி வச்சிருக்கினம். சபையின்ர காலம் 2018 ஒக்டோபரில முடிஞ்சுது. அதுக்கு முதல் 2017இல சட்டத்தை மாத்தி, பாதி தொகுதி, பாதி பட்டியல் எண்டு கொண்டந்தவை. தொகுதி பிரிச்ச அறிக்கை 2018 ஓகஸ்டில பாராளுமன்றத்தில வாக்கெடுப்புக்கு வந்துது. ஆதரவா ஒரு வாக்கும் இல்லை, கொண்டந்த அமைச்சரே எதிர்த்துத்தான் போட்டவர்! பழைய முறையும் போச்சு, புது முறையும் வரேல்லை, அதால தேர்தலும் நிண்டுபோச்சு.

எனக்கு இதில கோவம்தான் வருது. சனம் தேர்தல் வேண்டாமெண்டு சொல்லேல்லை. 2025 மே மாசம் பிரதேச சபைத் தேர்தலுக்குப் போய் வரிசையில நிண்டு வாக்குப் போட்டதுகள்தானே.

இதுக்குள்ள, "அடுத்த மாகாணசபைக்குக் கேக்கிறன்" எண்டு சொல்லிக்கொண்டு செத்தவீடு, திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஒண்டும் விடாமத் திரியிற ஆக்கள் எல்லா ஊரிலயும் இருக்கினம். அவையிட்டத் தேர்தல் எப்ப எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ, பாவம். சரி, வெயில் ஏறுது, பருத்தித்துறை பஸ்ஸும் வந்திட்டுது. வாறன்.